நம்ம ஊர் கோர்ட்

“கொஞ்சம் குடுங்க” என்று கேட்டு முடிப்பதற்குள் கண்ணாடி அவர் கைக்கு வந்திருக்கும். கோர்ட் வராந்தா பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாராகவும் இருக்கலாம். சொத்துத் தகராறுக்கு வந்த பெரியவர், விவாகரத்துக்கு வந்த பெண், கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு ஓடும் குமாஸ்தா. கம்பி தளர்ந்த கண்ணாடி ஒருவர் மூக்கில் வழுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் இவருக்குப் பொறுக்காது. சட்டைப்பையிலிருந்து பேனா மாதிரி ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர் வெளியே வரும். இந்தப் பக்கம் ஒரு முடுக்கு, அந்தப் பக்கம் ஒரு முடுக்கு. சட்டை நுனியால் துடைக்கவே மாட்டார். அதற்கென்று பையில் மெல்லிய துணி ஒன்று உண்டு. துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இரண்டு கைகளாலும் தானே அவர்கள் முகத்தில் மாட்டிவிடுவார். பிறகு ஒரு கேள்வி. “இப்ப தெரியுதா?”

தெரிகிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கம்பியை முடுக்கினால் பார்வை எங்கே மாறப்போகிறது! ஆனாலும் அந்த வராந்தாவில் அவரிடம் “தெரியலை” என்று யாரும் சொன்னதில்லை. கோர்ட்டுக்கு வந்த இடத்தில் ஒரு ஆள் காசு கேட்காமல் ஒரு காரியம் செய்துகொடுத்தால் இல்லை என்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

அந்தக் கோர்ட்டின் வாசலில் ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு நீலப் பிளாஸ்டிக் தட்டு. கத்தி, கத்தரிக்கோல், நெருப்புப்பெட்டி எல்லாம் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதல் தடவை வந்தபோது காவலர் இவருடைய ஸ்க்ரூ டிரைவரையும் வாங்கித் தட்டில் போட்டார். சாயங்காலம் அதைத் திரும்ப வாங்கும்போது இவர் பார்த்தது காவலரின் கண்ணாடியை. ஒரு பக்கக் கம்பி நூலால் கட்டப்பட்டிருந்தது. “கொஞ்சம் குடுங்க” என்றார். அதற்கப்புறம் வரும்போதெல்லாம் காவலர் தட்டைக் கையால் மறைத்துக்கொள்வார். “போங்க சார், போங்க. உங்க சாமான் ஆயுதத்துல சேராது. அது வைத்தியம்.”

குமாஸ்தாக்களுக்கு அவரைத் தெரியும். பெயர் கூப்பிடும் டவாலிக்குத் தெரியும். டீ கொண்டுவருகிறவருக்குத் தெரியும். கண்ணாடிக்காரர் வந்திருக்கிறார் என்றால் சிலர் வீட்டிலிருக்கும் உடைந்த கண்ணாடியைக்கூட அடுத்த வாய்தாவுக்கு எடுத்துவந்துவிடுவார்கள். இத்தனை பேருக்கு அவரைத் தெரிந்த அந்த ஊர் அவருடைய ஊர் அல்ல. அவருடைய வயிற்றெரிச்சலே அதுதான்.

அவருடைய ஊர் ஒரு ராத்திரி பஸ் பயணத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே பஸ் நிலையத்துக்குப் பின்னால், மருந்துக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், அவருடைய கண்ணாடிக் கடை. மாடியில் வீடு. முன்னால் கண்ணாடி அலமாரி, நடுவில் எழுத்து அட்டை தொங்கும் பரிசோதனை அறை, பின்னால் லென்ஸ் தேய்க்கும் பழைய மெஷின். வாசலில் மட்டும் அவருக்குச் சொந்தமில்லாத ஒரு பெயர். பெரிய கம்பெனி ஒன்றின் பெயர், நீல போர்டில், விளக்கு எரியும் எழுத்தில். பெயரும் போர்டும் அவர்களுடையது, கடையும் உழைப்பும் இவருடையது என்று ஏற்பாடு. பிரான்சைஸ் எடுப்பது என்று வியாபாரிகள் சொல்கிறார்களே, அது.

அந்த ஏற்பாட்டைச் செய்துவைக்க கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். பளிச்சென்ற சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. வந்ததிலிருந்து எதற்கெடுத்தாலும் நம்ம, நம்ம, நம்ம. நம்ம கடை சார். நம்ம கஸ்டமர் சார். நம்ம அக்கா போட்ட டீயா, பிரமாதம் சார். அவர் படியிறங்கியதும் கண்ணாடிக்காரரின் வீட்டுக்காரம்மா சொன்னாள், “யாருங்க இந்த நம்மாளு? விட்டா நம்ம பொண்டாட்டின்னுருவான் போலருக்கே!” அன்றிலிருந்து அந்த வீட்டில் அவருக்கு நம்மாளு என்றே பெயர்.

கையெழுத்துப் போடுகிற நாளில் கண்ணாடிக்காரர் ஒரு கேள்வி கேட்டார். புத்தியுள்ள கேள்விதான். “நாளைக்கு ஏதாவது ஏறுக்குமாறா ஆச்சுன்னா எங்க போய்ப் பேசறது?”

நம்மாளு சிரித்தார். “என்ன சார், கல்யாணத்தன்னிக்கே விவாகரத்தைப் பத்திக் கேக்கறீங்க! அப்படியே ஏதாவது வந்தாலும் நம்ம ஊர் கோர்ட்லதான் சார். வேற எங்க போகப் போறோம்?”

நம்ம ஊர் என்று ஒருவர் இவர் கடைக்குள் உட்கார்ந்து, இவர் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டு சொன்னால் அது எந்த ஊர்? இவர் தன் ஊர் என்று நினைத்துக்கொண்டார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். பஸ் நிலையம் தாண்டினால் கோர்ட். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போய்வரலாம். மனசு நிம்மதியாக ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. இந்த ஒப்பந்தத்தில் எழும் எல்லாத் தகராறுகளும் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் உள்ள நகரத்து நீதிமன்றங்களில் மட்டுமே விசாரிக்கப்படும் என்று. அதன் கீழும் அவருடைய கையெழுத்து அழகாக இருக்கிறது.

“ஊருக்கெல்லாம் பொடி எழுத்துப் படிக்கக் கண்ணாடி போட்டுக் குடுத்த மனுஷன்,” என்று வீட்டுக்காரம்மா யாரிடமாவது ஆரம்பிப்பாள். மீதியைச் சொல்லமாட்டாள். சிரிப்பாள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

வழக்கு வந்த பிறகு அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் தொற்றிக்கொண்டது. நம்ம என்ற வார்த்தையை அவர் விட்டுவிட்டார். சிலர் சிகரெட்டை விடுவார்கள், இவர் இதை விட்டார். விடுவது லேசா? நாளைக்கு நூறு தடவை நாக்கு நுனிக்கு வருகிற சொல்லாயிற்றே! மகளிடம் போனில் “எங்க வீட்டுக்கு எப்ப வர்றே?” என்று கேட்டுவிட்டார். அது தன் வீடு இல்லையா என்று அவள் அழுதாள். மாப்பிள்ளை சமாதானம் பேச வந்தார். இன்னொரு நாள் மனைவியிடமே, “எங்க வீட்டு மோட்டார் ஓடுதா பாரு” என்றார்.

“அப்ப நான் யாரு? வாடகைக்கா இருக்கேன்?”

“உன்னச் சேத்துத்தான் சொல்றேன்.”

“என்னச் சேத்தா அது நம்ம வீடுங்க!”

அவர் எழுந்தார். மோட்டாரைத் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இனி, அந்த ஏறுக்குமாறு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். லென்ஸ் எல்லாம் கம்பெனியிடமே வாங்க வேண்டும், வெளியில் வாங்கவோ கடையில் தேய்க்கவோ கூடாது என்பது விதி. ஒரு நாள் காலையில் பஸ் டிரைவர் ஒருவர் ஓடிவந்தார். கண்ணாடி கீழே விழுந்து ஒரு லென்ஸ் உடைந்துவிட்டது. கண்ணாடி இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டெப்போவில் நிறுத்திவிட்டார்கள். கம்பெனியிடம் கேட்டால் லென்ஸ் வர மூன்று வாரம். “அதுவரைக்கும் நான் என்ன சார் பண்ணுவேன்? வேற ஆளப் போட்டுருவாங்க” என்றார் டிரைவர். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. கண்ணாடிக்காரர் பின்னறைக்குப் போனார். மெஷின்மேல் போட்டிருந்த துணியை எடுத்தார். மத்தியானத்துக்குள் லென்ஸ் தயார். டிரைவர் முகத்தில் மாட்டிவிட்டு, “இப்ப தெரியுதா?” என்று கேட்டார்.

டிரைவருக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்ததைப் பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் சொன்னார். நல்ல மனசுதான், என்ன செய்வது? அது போக வேண்டிய காதுக்கும் போய்ச் சேர்ந்தது. கம்பெனி ஒப்பந்தத்தை முறித்துவிட்டதாக நோட்டீஸ் அனுப்பியது. கூடவே வழக்கு, அவர்களுடைய ஊரில். போர்டைக் கழற்ற வேண்டும். அது போகட்டும், போர்டை யார் மதித்தார்கள்? ஐந்து வருஷத்துக்கு அந்தக் கட்டடத்திலோ அந்த ஊரிலோ அவர் கண்ணாடித் தொழிலே செய்யக்கூடாது என்றும் கேட்டிருந்தார்கள். அதுவும் ஒப்பந்தத்தில் இருக்கிற வரிதான். ஐம்பத்தேழு வயது மனிதர். கண்ணாடி தவிர வேறொன்றும் தெரியாது. ஐந்து வருஷம் கழித்து யார் வந்து அவர் கடைப் படியேறுவார்கள்?

“வழக்கை எங்க ஊர்லயே விசாரிக்கணும்” என்று அவர் ஒரு மனுப் போட்டார். கடை அங்கே, வாடிக்கைக்காரர்கள் அங்கே, சாட்சி சொல்ல வேண்டிய டிரைவர் அங்கே; நம்ம ஊர் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். இதுதான் மனு. அவருக்கு வாதாடுகிற வக்கீலம்மா நேர்மையானவள், இனிப்புத் தடவிப் பேசத் தெரியாதவள். முதல் நாளே விவரமாகச் சொல்லிவிட்டாள். “எந்த ஊர்ல விசாரிக்கறதுன்னு முடிவாகற வரைக்கும் கடையை மூடச் சொல்லி ஆர்டர் போடமாட்டாங்க. நம்ம பக்கம் முடிவாச்சுன்னா பொழச்சோம். அவங்க பக்கம் முடிவாச்சுன்னா அன்னிக்கே கடைக்குத் தடை வரலாம். தெரிஞ்சுக்கங்க.”

“நம்ம பக்கம்னா?” என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

வக்கீலம்மா திருத்திக்கொண்டாள். “உங்க பக்கம் சார்.”

அப்படியாக எங்கே விசாரிப்பது என்பதை விசாரிக்கவே இரண்டு வருஷம் ஓடியது. வாய்தாமேல் வாய்தா. ஒவ்வொரு தடவையும் ராத்திரி பஸ் ஏறி, விடிந்ததும் அந்த ஊர் பஸ் நிலையக் குழாயில் முகம் கழுவி, கட்டணக் கழிப்பறையில் சட்டை மாற்றி, வீட்டுக்காரம்மா கட்டிக்கொடுத்த ரொட்டியைத் தின்றுவிட்டு, கோர்ட்டுக்கு நடந்து வருவார். பெயரைக் கூப்பிடுவார்கள். நீதிபதி விடுமுறை, எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல், கோப்பு வரவில்லை. அடுத்த தேதி. நாய் படாத பாடு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு; சிரிக்க முடிந்தவர்கள் சிரிக்கலாம். கம்பெனியில் பயிற்சி பெற்றவர் இல்லாத நேரத்தில் கடை திறந்திருக்கக் கூடாது என்று ஒரு விதி. பயிற்சி பெற்றவர் இவர் ஒருவர்தான். ஆகவே இவர் கோர்ட்டுக்கு வரும் நாளெல்லாம் கடை அடைப்பு. வேலைநாளில் கடையை அடைக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. ஒப்பந்தத்தை முறித்தாயிற்று என்று சொன்ன அதே வாயால் கம்பெனி புதிதாக ஒரு புகார் கொடுத்தது. பிரதிவாதி அடிக்கடி கடையை அடைத்துவிடுகிறார் என்று! அடைத்துவிட்டு எங்கே போனார் என்பதைக் கேட்க ஆளில்லை. அவர்கள் எதிரில்தான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பாவி மனுஷன்.

பஸ் டிரைவர் ஒரு தடவை லீவு போட்டுவிட்டுச் சாட்சி சொல்லக் கூடவே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, அந்தக் கண்ணாடி. சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். அன்றைக்கும் வாய்தா. திரும்பும்போது பஸ்ஸில், “இன்னொரு தடவை லீவு குடுக்கமாட்டாங்க சார். நம்ம ஊர்னா டூட்டி முடிச்சு அப்படியே வந்துருவேன்” என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடிக்காரர்தான் அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தார்.

இரு தரப்பு வாதத்தையும் கேட்டு உத்தரவு சொல்வதாக இருந்த நாளும் வந்தது. அவர் வழக்கம்போல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாட்டியம்மாவின் கண்ணாடியை முடுக்கிக்கொண்டிருந்தார். நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் நம்மாளு. சட்டை பழைய பளபளப்பில் இல்லை. கம்பெனி அவரைச் சாட்சியாகக் கூட்டிவந்திருந்தது. அவரும் இப்போது கண்ணாடி போட்டிருந்தார். அது மூக்கின் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

“சௌக்கியமா சார்?” என்று பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். “நம்ம மேல கோவமா இருப்பீங்க.”

“உங்க மேல.”

நம்மாளு சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. “நம்ம கையில என்ன சார் இருக்கு? மேல சொன்னதச் சொன்னோம்.”

கண்ணாடிக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வந்திருக்கும். வந்ததா என்று கேட்டால், “வராம இருக்குமா? ஆனா அந்தக் கண்ணாடி இருந்த இருப்பு” என்பார். கையை நீட்டினார். “குடுங்க.” முடுக்கினார், துடைத்தார், மாட்டிவிட்டார்.

“இப்ப தெரியுதா?”

“நல்லாத் தெரியுது சார்.”

“அன்னிக்கு நான் கேட்டேனே, எங்க போய்ப் பேசறதுன்னு. நீங்க எந்த ஊரச் சொன்னீங்க?”

நம்மாளு கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “சத்தியமா நான் எதையும் நெனச்சுச் சொல்லல சார். எல்லாருகிட்டயும் அப்படித்தான் சொல்லுவேன். வாய்ப்பழக்கம்.”

அந்த நேரம் டவாலி பெயரைக் கூப்பிட்டார்.

உள்ளே வக்கீலம்மா நன்றாகத்தான் பேசினாள். எங்கள் என்றால் கேட்கிறவர் வெளியே. நம் என்றால் கேட்கிறவரும் உள்ளே. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வித்தியாசம். இவருடைய கடையில் உட்கார்ந்து நம்ம ஊர் என்று சொல்லி நம்பவைத்துவிட்டு, இப்போது அது எங்கள் ஊர் என்பது நியாயமா என்று கேட்டாள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். கண்ணாடிக்காரர் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அப்படிச் சொன்னதை அவர் மறுக்கவே இல்லை. “சொல்லியிருக்கலாம், ஐயா. நாமெல்லாம் பேசறதுதானே? நம்ம பையன் பாஸ் பண்ணிட்டான்னு நான் உங்ககிட்ட சொன்னா, அவன் உங்களுக்கும் பையனா?”

அறையில் சிரிப்பு எழுந்தது. குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். வாசலோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் பாதிப்பேர் மூக்கில் கண்ணாடிக்காரர் முடுக்கிக்கொடுத்த கண்ணாடி இருந்தது. அவர்கள்மேல் தப்பில்லை; நல்ல ஜோக்தான். கண்ணாடிக்காரருக்கு முகம் சுண்டிப்போனது.

நீதிபதி சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். கண்ணாடிக்காரரை எழுந்து நிற்கச் சொல்லி, அவரிடமே கேட்டார். “நீங்க படிக்கத் தெரிஞ்சவர்தானே?”

“ஆமாங்க.”

“இந்தப் பக்கத்துல இருக்கறது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாங்க. ஆனா நம்ம ஊர்னுதாங்க சொன்னாரு.”

ரொம்ப நாள் கழித்து அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. அதுவும் இரவல் வார்த்தையாக.

“வாயால ஆயிரம் சொல்லலாம். கையெழுத்து இதுலதானே இருக்கு?” என்றார் நீதிபதி. குரல் கனிவாகத்தான் இருந்தது. பிறகு குனிந்து உத்தரவைச் சொன்னார். ஒப்பந்த வரி தெளிவாக இருக்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டபடி வழக்கு இந்த நகரத்திலேயே நடக்கும். பிரதிவாதியின் மனு தள்ளுபடி. அதே மூச்சில் அடுத்தது. வழக்கு முடியும்வரை பிரதிவாதி அந்தக் கடையைத் திறக்கவோ அந்த ஊரில் கண்ணாடித் தொழில் செய்யவோ கூடாது. இன்றிலிருந்து.

இன்றிலிருந்து என்றதும் அவர் தலையாட்டினார். யாரோ வழி சொன்னதுபோல, சரி என்று தலையாட்டினார். டவாலி அடுத்த பெயரைக் கூப்பிட்டாயிற்று.

வராந்தாவில் வக்கீலம்மா மேல்முறையீடு என்று ஏதோ சொன்னாள். அதுவும் இந்த ஊர்லதானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவளுக்கு அடுத்த அறையில் இன்னொரு வழக்கு. அவர் கையை ஒருமுறை பிடித்துவிட்டு ஓடினாள். நம்மாளு தூணோரம் நின்றார். பக்கத்தில் வரவில்லை. கண்ணாடி மட்டும் மூக்கில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

வாசலுக்கு நடந்துவரும்போது போன் அடித்தது. வீட்டுக்காரம்மா. காலையிலிருந்து அவள் ஒரே ஒரு விஷயத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள் என்பது அவருக்குத் தெரியும். மூடிய கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள், விளக்கைக்கூடப் போடாமல்.

“சொல்லிட்டாங்களா?”

“சொல்லிட்டாங்க.”

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. “எங்கங்க? இங்கதானா? இங்கதானே?”

அவர் நின்ற இடத்தில் நின்று, கோர்ட்டின் படிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஆமா. இங்கதான்.”

அந்தப் பக்கம் ஒரு கூச்சல். அப்படி ஒரு கூச்சலை அவர் மகள் பிறந்தபோதுகூட அவளிடமிருந்து கேட்டதில்லை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல! கடவுள் இருக்காருங்க! நம்ம ஊர்லயே வந்துருச்சா!”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் நின்றுகொண்டிருந்த இங்கே வேறு, அவள் உட்கார்ந்திருந்த இங்கே வேறு.

“இல்ல, கேளு. நான் சொன்னது இந்த இங்க. அந்த இங்க இல்ல. கேளேன்...”

“இருங்க, வைக்காதீங்க, லைன்லயே இருங்க. நான் மொதல்ல ஷட்டரத் தூக்கறேன். ரெண்டு வருஷமா மூடி மூடித் தொறந்தது போதும். இன்னிக்கு எவன் வந்து என்ன கேக்கறான்னு பாக்கறேன்! டிரைவர் தம்பி எதுத்தாப்ல ஸ்டாண்டுலதான் நிக்குது, அதுகிட்டயும் சொல்லணும்.” போனை மேஜைமேல் வைத்த சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் தள்ளிப் போனது.

“கேளு. இந்தா, கேளு. ஷட்டரத் தூக்காத. தூக்கக் கூடாது...” அவர் சத்தமாகத்தான் சொன்னார். மேஜைமேல் கிடந்த போன் யாரிடம் சொல்லும்? பக்கத்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எண்ணெய் போடாத அந்த ஷட்டரின் சத்தம் அவருக்கு அத்துப்படி. முதலில் ஒரு கிறீச். பாதியில் ஒரு சிக்கல். அங்கே ஒரு உதை கொடுக்க வேண்டும். அவள் உதை கொடுத்தாள். கடகடவென்று அது மேலே போய் முட்டியது. தெருச் சத்தம் உள்ளே வந்தது. தூரத்தில், “இங்கதானாம் தம்பி! இங்கயேதானாம்!” என்று அவள் கத்துவது கேட்டது.

வாசல் மேஜையில் காவலர் வழக்கம்போல் சிரித்துக்கொண்டு எழுந்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரைக் காட்டி, “சார், இவர் காலையிலேர்ந்து உங்களுக்காகத்தான் நிக்கறாரு” என்றார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றி இரண்டு கைகளாலும் நீட்டினார். ஒரு பக்கக் கம்பி தொங்கியது.

கண்ணாடிக்காரர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மற்றக் கை சட்டைப்பைக்குப் போயிற்று. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஒருமுறை விரல்களில் உருட்டி, மேஜைமேல் இருந்த நீலத் தட்டில் கத்தரிக்கோல்களோடு வைத்தார்.